காசிமேட்டுப் படம் ஒன்று, பிரிண்ட் எத்தனை?

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். மீன் கூடைகளுக்கு நடுவே கை நீட்டி விலை கேட்கும் அம்மா, பின்னால் விசைப்படகு வரிசை, ஈரத் தரையில் விளக்கொளி. இன்ஸ்டாகிராமில் நல்ல பேர் கிடைத்துவிட்டது. "இதை பிரிண்ட் போட்டு விக்கலாமே" என்று நாலு பேர் சொல்லியும் விட்டார்கள். எந்தக் காகிதத்தில் போடுவது, எத்தனை போடுவது, என்ன விலை வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. காகிதத்தைத் தீர்மானித்தால் மற்ற இரண்டும் பாதி முடிந்த மாதிரி. ஆனால் பெரும்பாலானோர் விலையில் தொடங்கி, எண்ணிக்கையில் குழம்பி, கடைசியில்தான் காகிதத்துக்கு வருகிறார்கள்.

வடசென்னையில் இருந்துகொண்டு எடுக்கக்கூடிய வழிகள் நான்கு. சாதாரண கலர் லேப் பிரிண்ட். பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் இங்க் (கரையாத நிறமித் துகள் கொண்ட மை) பிரிண்ட். டார்க் ரூமில் கையால் போடும் கறுப்பு வெள்ளை. வெயிலில் வைத்து எடுக்கும் நீல நிறப் படமான சயனோடைப். கேன்வாஸ், உலோகத் தகடு, ஃபிளெக்ஸ் எல்லாம் இந்த ஒப்பீட்டில் வராது. ஃபிளெக்ஸ் கல்யாணத்துக்கும் கட்சிக்கும் போதும்.

விலை எதன்மேல் ஒட்டுகிறது?

1839-இல் வந்த டாகேரோடைப்பில் இந்தத் தலைவலியே இல்லை. வெள்ளி பூசிய தகட்டில் ஒரே ஒரு படம், அவ்வளவுதான். 1841-இல் டால்பட் காப்புரிமை வாங்கிய கேலோடைப்தான் ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் என்ற கதவைத் திறந்தது. அன்று தொடங்கிய கேள்வி இது: நூறு போட முடிகிற பொருளில் ஒன்றுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்பது பாதி உண்மை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கன் 1904-இல் எடுத்த குளத்து நிலவொளிப் படத்துக்குத் தெரிந்த பிரிண்ட் மூன்றே மூன்று. அதில் ஒன்று 2006-இல் 29 லட்சம் டாலருக்குப் போனது. சரி. ஆனால் இன்னொரு அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த ஹெர்னாண்டஸ் கிராமத்து நிலவுப் படத்தை அவரே தன் வாழ்நாளில் 1,300-க்கும் மேல் பிரிண்ட் போட்டிருக்கிறார். அதில் ஒன்றும் அதே 2006-இல் 6 லட்சம் டாலரைத் தாண்டியது. வெறும் எண்ணிக்கைக் கணக்கில் இது நடக்கக் கூடாது. ஆடம்ஸின் பிரிண்ட்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆரம்பத்தில் போட்டவற்றில் வானத்தில் மேகக் கீற்று தெரியும். வயது ஏற ஏற வானத்தை இருட்டாக்கிக்கொண்டே போனார். 1948-இல் நெகட்டிவின் முன்பகுதியையே ரசாயனத்தில் அடர்த்தியாக்கினார். வாங்குகிறவர் அவர் கை பட்ட அந்த ஒரு தாளுக்கு விலை கொடுக்கிறார். யார் போட்டது, எந்த ஆண்டு போட்டது, எதில் போட்டது, இன்னும் எத்தனை வெளியே இருக்கிறது என்ற நான்கும் சேர்ந்தால்தான் விலை. நெகட்டிவ் எடுத்த காலத்திலேயே போட்ட பிரிண்டுக்கு 'விண்டேஜ்' என்று தனி மதிப்பு வைப்பதும் இதனால்தான்.

எண்ணிக்கை பார்க்காமல் அடித்தவையும் காலம் போனால் அரிதாகும். 1894-இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் அச்சு) சாமி படங்கள் வீட்டுக்கு வீடு பூஜை அறைக்குப் போனவை. கிழிந்தும் செல்லரித்தும் போனது போக மிஞ்சியதைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அதற்குக் காத்திருக்க நமக்கு நூறு வருஷம் இல்லை.

லேப் பிரிண்ட்

கல்யாண ஆல்பம் போடும் அதே லேப், அதே காகிதம். ஒளி உணரும் காகிதத்தில் லேசர் ஒளி விழுந்து, ஆர்ஏ-4 ரசாயனத்தில் கழுவி வரும் சாய பிரிண்ட். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் இங்க் புள்ளி தெரியாது. நிறம் தொடர்ச்சியாக ஓடும். மீன் செதிள், ஈரத் தரை போன்ற பளபளப்புக்கு இந்தக் காகிதத்தின் கிளாஸி கொடுக்கும் அழுத்தத்தை விலை உயர்ந்த மேட் காகிதம் தராது. இதை மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் பிரிண்டைப் பார்ப்பதில்லை, பில்லைப் பார்க்கிறார்கள்.

12×18 அங்குலத்துக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வைத்தால் 3600×5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000×4000 தாராளம். ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால், ஃபைலோடு வரும் நிறக் குறிப்பான ப்ரொஃபைலைக் கவனிக்காத லேபில் நிறம் சப்பென்று வெளுத்து வரும்.

இங்கே பெரிய ஆபத்து தோலின் நிறம். நம் லேப்களில் கை பழகியிருப்பது மணப்பெண்ணை வெளுக்க வைப்பதில். "கொஞ்சம் டல்லா இருக்கு" என்று ஆபரேட்டர் தானாகவே பிரகாசத்தை ஏற்றிவிடுவார். காசிமேட்டு வெயிலில் கறுத்த முகம் சாம்பல் பூத்துத் திரும்பி வரும். "கலர் கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடவும்" என்று கவரின் மேலேயே எழுதுங்கள். முழு அளவுக்குப் போகும் முன் முகம், வானம், இருட்டு மூலை மூன்றும் வருகிற மாதிரி 6×8-இல் ஒரு சோதனை பிரிண்ட் போட்டு, அதைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட் பச்சையைக் கூட்டிக் காட்டும்.

குறை என்னவென்றால், இது சாயம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் சில வருஷத்தில் வெளிறும். பிளாஸ்டிக் பூசிய காகிதம் என்பதால் சேகரிப்பாளர் கையில் எடுத்ததும் 'ஆல்பம் பேப்பர்' என்று கண்டுகொள்வார். ஆகவே இதில் 'மொத்தம் இத்தனைதான்' என்று வாக்குக் கொடுத்து எண் போடாதீர்கள். எத்தனை வேண்டுமானாலும் விற்கும் திறந்த பதிப்பாக வைத்து, விலையையும் அதற்கேற்ப இறக்குங்கள். தன் படகு தெரிகிற படத்தை வீட்டில் மாட்ட நினைக்கும் படகுக்காரர் வாங்க வேண்டியது இதைத்தான்.

பிக்மென்ட் பிரிண்ட்

கடைக்காரர்கள் 'ஆர்க்கைவல்', 'மியூசியம் குவாலிட்டி', 'ஜிக்லே' என்று சொல்வது இதைத்தான். ஜிக்லே என்ற பெயரே 1991-இல் அமெரிக்காவின் நாஷ் எடிஷன்ஸில் ஜாக் டுகேன் வைத்தது. 'இங்க்ஜெட்' என்று சொன்னால் மதிப்பு போய்விடும் என்பதற்காக. வேடிக்கை என்னவென்றால், அன்று அவர்கள் பயன்படுத்திய ஐரிஸ் பிரின்டரின் சாய இங்க் சீக்கிரம் வெளுத்தது. நிலைக்கும் தன்மை பின்னால் பிக்மென்ட் இங்க் வந்த பிறகு கிடைத்தது. அதனால் ஜிக்லே என்ற சொல்லை நம்பாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்க் பிக்மென்ட்டா, சாயமா? காகிதம் நூறு சதவீதம் பருத்தியா, மரக்கூழா? பதில் வராத கடையில் பணம் கட்ட வேண்டாம்.

ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் போன்ற மேட் பருத்திக் காகிதம் மூட்டமான படத்துக்கு அழகு. எண்ணூர் முகத்துவாரத்தில் மார்கழிப் பனி, வியாசர்பாடி மைதானத்துப் புழுதி, இதெல்லாம் அதில் உட்காரும். நம் விடியற்காலை ஏலத்துப் படத்துக்கு அது சரிவராது. மேட் காகிதத்தில் கறுப்பு அடர்சாம்பலாக நின்றுவிடும். விளக்கொளிக்கும் இருட்டுக்கும் உள்ள தூரம் சுருங்கிப்போகும். அதற்கு பரைட்டா (பேரியம் சல்பேட்) பூச்சுள்ள காகிதம் எடுங்கள். கறுப்பு இறங்கும், மெல்லிய மினுமினுப்பும் இருக்கும். வாங்கும் முன் ஒரு யூவி டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மை கூட்டும் ரசாயனம் அதிகம் என்று பொருள். அந்த வெண்மை காலப்போக்கில் அடங்கி, அடியிலிருக்கும் மஞ்சள் தெரியும்.

பிரிண்ட் இருட்டாக வந்தால் பிரின்டரைத் திட்ட வேண்டாம். பத்துக்கு ஒன்பது முறை குற்றவாளி மானிட்டர்தான். முழு பிரகாசத்தில் வைத்து எடிட் செய்திருப்பீர்கள். 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இறக்கி, காகிதத்துக்கான ஐசிசி ப்ரொஃபைலை லேபிடமிருந்து வாங்கி, பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் பார்த்து, நிழல் பகுதியைச் சற்றே தூக்கிக் கொடுங்கள். 16×24 அங்குலத்துக்கு 250 பிபிஐ போதும். 4000×6000 அதற்குக் கச்சிதம்.

சொந்தமாக பிரின்டர் வாங்கி வீட்டில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். காகிதம் 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால்தான் தட்டையாக நிற்கும். ராயபுரத்தில் ஜன்னலைத் திறந்தால் அந்தக் கணக்கு போச்சு. விளிம்பு சுருண்டு, ஹெட் உரசி, ஓரத்தில் கறுப்புக் கோடு விழும். ஏசி அறையிலிருந்து காகிதப் பெட்டியை வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. வெளிச் சூட்டுக்குப் பழகட்டும் என்று சில மணி நேரம் மூடியே வையுங்கள். இல்லாவிட்டால் பூச்சின் மேல் நீர் பூக்கும். நடுவில் கரன்ட் போய் நின்ற பிரிண்டைத் திரும்பத் தொடர முடியாது. ஒரு பட்டைக் கோடோடு குப்பைக்குப் போகும். மாதம் நாலு பிரிண்ட் போடுகிறவருக்கு நாஸில் அடைப்பைக் கழுவவே இங்கில் பெரும் பங்கு போய்விடும். வெளியே கொடுத்துப் போடுவதுதான் லாபம்.

நூறு வருஷம், இருநூறு வருஷம் என்று காகித டப்பாவில் போடும் ஆயுள் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிண்ட் எத்தனை காலம் நிற்கும் என்று சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் மதிப்பீடு 24 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம், கண்ணாடிச் சட்டம் என்று வைத்துப் போட்ட கணக்கு. தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை அந்தக் கணக்குக்குள் வராது. வாங்குகிறவரிடம் வருஷக் கணக்கு சொல்லாமல், இங்க் பெயரையும் காகிதத்தின் பெயரையும் சொல்லுங்கள்.

டார்க் ரூம்

இந்த வழி கறுப்பு வெள்ளைக்கு மட்டும். ஃபைபர் காகிதத்தில் (பிளாஸ்டிக் பூசாத ஒளி உணரும் காகிதம்) வெள்ளி பிரிண்ட். நேரமும் நோவும் இதில்தான் அதிகம். கலை மதிப்பும் இதில்தான் அதிகம் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு தாளிலும் முகத்தைக் கையால் மறைத்து வெளிச்சம் குறைத்து, வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டி, பத்து பிரிண்ட் போட்டால் பத்தும் ஒரு மயிரிழை வேறாக இருக்கும். அதனால்தான் இதில் எண் போடுவது நேர்மையாகவும் இருக்கிறது. பத்தோடு நிறுத்துவதற்கு உடம்பே காரணம்.

இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஃபைபர் காகிதத்துக்கு வரிசை இது: 20 டிகிரியில் மல்டிகிரேடு டெவலப்பர் 1+9 (ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர்), இரண்டு நிமிடம், ஸ்டாப் பாத் 10 வினாடி, ரேப்பிட் ஃபிக்சர் 1+4, ஒரு நிமிடம், ஓடும் தண்ணீரில் 5 நிமிடம், ஃபிக்சரைக் கழுவி எடுக்க உதவும் வாஷ் எய்ட் 10 நிமிடம், மறுபடி 5 நிமிடம். ஒரு லிட்டர் ஃபிக்சரில் 8×10 தாள் 40 வரை போடலாம் என்பது பொதுக் கணக்கு. விற்பனைக்குப் போகிற, நெடுநாள் நிற்க வேண்டிய பிரிண்ட் என்றால் பத்தோடு மாற்றிவிடுங்கள். காசைப் பார்த்துப் பழைய ஃபிக்சரில் போட்டால் இன்று ஒன்றும் தெரியாது. வருஷம் சில கழித்து வெள்ளைப் பகுதியில் பழுப்புத் திட்டு எட்டிப் பார்க்கும், அப்போது அது வாங்கினவர் சுவரில் இருக்கும்.

20 டிகிரி என்பது சித்திரை, வைகாசியில் நமக்குக் கனவு. மாடி டேங்க் தண்ணீர் 30-ஐத் தாண்டி இருக்கும். சூடான தண்ணீரில் காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் ஊதி, விளிம்பில் கொப்பளித்து உரியும். ட்ரேயை இன்னொரு பெரிய ட்ரேக்குள் வைத்து, ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி வெளித் தண்ணீரில் போடுங்கள். டெவலப்பருக்குள் நேராகப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். டெவலப்பர் 20, கழுவும் தண்ணீர் 32 என்று பெரிய வித்தியாசம் வைப்பதும் ஆகாது. போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் இந்த வேலைக்கென்றே படைத்தது. வருஷத்துத் தேவையை அதில் முடித்துவிடலாம்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் வைத்திருப்பவர்கள் வெள்ளியைக் காக்கும் செலினியம் டோனிங் என்ற ரசாயனக் குளியலைக் கட்டாயம் செய்யுங்கள். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளிக்கு ஆகாது. கொலுசு கறுப்பதும் பிரிண்ட் மஞ்சள் பூப்பதும் ஒரே சங்கதி.

சயனோடைப்

ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டது. செலவு குறைவு, டார்க் ரூம் தேவையில்லை, மொட்டை மாடி போதும். பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்தது ஒரு பாட்டில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை 100 மில்லியில் கரைத்தது இன்னொன்று. சம அளவு கலந்து, மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசி, இருட்டில் உலர்த்தி, டிரான்ஸ்பேரன்சி ஷீட்டில் எடுத்த நெகட்டிவை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம். பிறகு தண்ணீரில் அலசினால் நீலம்.

நம்மூரில் கெடுவது இரண்டு இடத்தில். பூச்சு உலர்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். நெகட்டிவ் ஒட்டிக்கொண்டு கறை படும். இடையில் மெல்லிய பாலியெஸ்டர் ஷீட் வைத்தால் தப்பிக்கலாம். அடுத்தது தண்ணீர். இந்த நீலத்துக்குக் காரம் எதிரி. காரத்தன்மையுள்ள போர் தண்ணீரில் நெடுநேரம் அலசினால் கண் முன்னாலேயே வெளிறும். முதல் அலசலில் கொஞ்சம் வினிகர் சேருங்கள். சுண்ணாம்புச் சத்து சேர்த்த 'ஆசிட் ஃப்ரீ' காகிதம் மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது, இதற்கு மட்டும் விஷம். சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மௌன்ட் போர்டும் அப்படித்தான்.

வலை, படகு, கழிமுகம், கோட்டுருவாகத் தெரியும் எதுவும் இதில் நிற்கும். ஏலத்து அம்மாவின் முகம் நிற்காது. சந்தை விலை பிக்மென்ட்டுக்குக் கீழேதான் வரும்; ஆனால் ஒவ்வொன்றும் வேறு என்பதை மறைக்காமல் சொல்லி விற்றால் ஒரு வாரச் சந்தையிலேயே முதல் காசைப் பார்க்கலாம்.

எண் போட்டால் என்ன ஆகும்?

3/10 என்று பென்சிலால் எழுதுவது எளிது. அதில் இருக்கும் வாக்கு என்ன என்பதை எழுதுகிறவரே பல நேரம் யோசிப்பதில்லை. பத்து என்பது இந்த அளவில் பத்தா, எல்லா அளவிலும் சேர்த்துப் பத்தா? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகில்ஸ்டன் தன் பழைய டை டிரான்ஸ்ஃபர் (சாயத்தைக் காகிதத்துக்கு மாற்றிப் போடும் முறை) படங்களைப் பெரிய அளவில் பிக்மென்ட்டில் புதிதாகப் போட்டு 2012-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். 59 லட்சம் டாலர் வந்தது. பழைய பதிப்பை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013-இல் நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அளவும் முறையும் வேறு, ஆகவே இது வேறு பதிப்பு என்ற வாதம் நின்றது. சட்டத்தில் எகில்ஸ்டன் ஜெயித்தார். நமக்கு அந்தப் பெயர் இல்லை. அந்த மாதிரி ஒரு முறை செய்தால் நம்மிடம் வாங்கின பத்துப் பேரும் பதினோராவது ஆளிடம் சொல்லிவிடுவார்கள். இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரெட் வெஸ்டன் 1991-இல் தன் 80-ஆவது பிறந்தநாளில் நெகட்டிவ்களை நெருப்பில் போட்டது இதற்கு மறுகோடி. அந்த அளவுக்கும் போக வேண்டாம்.

ஐரோப்பிய வரிச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்பொருளாக ஏற்க ஒரு வரையறை வைத்திருக்கிறது: கலைஞர் தானே போட்டது அல்லது அவர் மேற்பார்வையில் போட்டது, கையெழுத்தும் எண்ணும் உள்ளது, எல்லா அளவும் சேர்த்து மொத்தம் 30-க்கு மேல் போகாதது. இந்தியாவில் நம்மை அது கட்டுப்படுத்தாது; ஆனால் கடன் வாங்கத் தகுந்த கோடு. 'எல்லா அளவும் சேர்த்து' என்ற மூன்று சொல்லைச் சான்றிதழில் போட்டாலே பாதிச் சண்டை வராது.

சான்றிதழில் இருக்க வேண்டியவை: படத்தின் பெயர், எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு, இங்க், காகிதம், படப் பரப்பின் அளவு, தாளின் அளவு, எண், கலைஞர் பிரதி எத்தனை, போட்ட லேப், கையெழுத்து. கலைஞர் பிரதி, அதாவது பதிப்பு எண்ணுக்கு வெளியே தனக்கென்று வைத்துக்கொள்வது, இரண்டு போதும். அதையும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். படத்தில் இருக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரு பிரிண்ட் போக வேண்டும். அதற்கு எண் கிடையாது. பின்புறம் 'விற்பனைக்கல்ல' என்று எழுதி, பதிவேட்டில் ஏற்றிக் கொடுங்கள். ஃபைபர், பருத்திக் காகிதம் என்றால் பின்புறம் 2பி பென்சில். பால்பாயின்ட் வேண்டவே வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும்.

பத்தையும் ஒரேயடியாகப் போட்டு அடுக்கி வைப்பதா, விற்க விற்கப் போடுவதா? கணக்குப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. பிரிண்ட் செலவு ரூ.1,800. முதல் மூன்று ரூ.6,000, அடுத்த மூன்று ரூ.8,000, அடுத்த இரண்டு ரூ.11,000, கடைசி இரண்டு ரூ.15,000. பத்தும் போனால் ரூ.94,000. கேலரி பாதி எடுத்தால் மிச்சம் ரூ.47,000, அதில் செலவு ரூ.18,000 போக ரூ.29,000. இதே தொகையை லேப் பிரிண்டில், ஒன்றுக்கு ரூ.600 நின்றால், 49 விற்றால் எடுத்துவிடலாம். மூன்றே மூன்று விற்று நின்றுபோனால்? விற்க விற்கப் போட்டவருக்குக் கையில் ரூ.3,600 நிற்கும். பத்தையும் முன்னாலேயே போட்டவருக்கு ரூ.9,000 நட்டம், போதாததற்கு ஏழு பிரிண்ட் பீரோவில் பூஞ்சைக்கு இரை.

ஆக, விற்க விற்கத்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு: ஒன்றாவது பிரிண்டும் ஏழாவதும் ஒரே நிறத்தில் வர வேண்டும். முதல் நாளே திருப்தியான ஒரு பிரிண்டை ஒப்புதல் பிரதி என்று எழுதி ஒதுக்கி வையுங்கள். ஃபைலைப் பூட்டுங்கள். இன்னும் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கூட்டலாமே என்ற கை அரிப்பு வரும். பதிப்பு முடியும் வரை அடக்க வேண்டும். லேப் காகிதத்தை மாற்றினால் பதிப்பையே நிறுத்துங்கள். ஆறோடு முடிந்ததாக அறிவிப்பது அவமானமில்லை.

கலைஞர் பிரதி இரண்டைக் கையில் வைத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. மறுவிற்பனையில் படைத்தவருக்குப் பங்கு தரும், இந்தியக் காப்பிரைட் சட்டத்தின் 53ஏ பிரிவு ஓவியம், சிற்பம், கோட்டோவியம், கையெழுத்துப் பிரதி என்றுதான் பட்டியல் போடுகிறது. புகைப்படம் அதில் இல்லை. நாளை உங்கள் முதல் பிரிண்ட் ஒரு லட்சத்துக்குக் கை மாறினாலும் உங்களுக்குச் சல்லிக்காசு வராது. பீரோவில் இருக்கும் அந்த இரண்டுதான் உங்கள் பங்கு. காப்புரிமை (காப்பிரைட்) வேறு, பிரிண்டை விற்றாலும் அது உங்களிடமே. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படம் மட்டும் விலக்கு: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் காப்புரிமை பணம் கொடுத்தவருடையது. ஆர்டருக்கு எடுத்ததை எடிஷன் போடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவரும் சட்டமும்

பாரிமுனைப் பக்கம் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்தால் வேலை இப்படி நடக்கும். கண்ணாடியைத் துடைப்பார். படத்தை நேரே அதன்மேல் கவிழ்ப்பார். பின்னால் ஹார்ட்போர்டு, நாலு பக்கமும் சின்ன ஆணி, மேலே பிரவுன் டேப், கொக்கி. கால் மணி நேரத்தில் கையில். மேலே கொஞ்சம் விபூதி ஒட்டினாலும் சாமி படத்துக்குக் குறைவில்லை. புகைப்பட பிரிண்டுக்கு முதல் மழைக்காலத்திலேயே ஆபத்து. கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் நடுவே வேர்த்த ஈரம் ஜெலட்டினைப் பசையாக்கிவிடும். காய்ந்த பிறகு வழவழப்பான நனைந்த திட்டு போல ஒன்று தெரியும். பிரித்துப் பார்க்கலாம் என்று இழுத்தால் அம்மாவின் முகம் கண்ணாடியோடு போகும், காகிதம் வெள்ளையாக உங்கள் கையில் நிற்கும்.

அதே கடைக்காரரிடமே நல்ல வேலை வாங்கலாம், சொல்லிக் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் இடைவெளி வர ஜன்னல் வெட்டிய மௌன்ட் போர்டு. அதைப் பருத்தி போர்டாக நீங்களே வாங்கிக் கொடுங்கள். பிரிண்டின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியக் காகிதக் கீல், கோதுமை மாவுப் பசை. ஃபெவிகால், டபுள் சைடு டேப் இரண்டும் கூடாது. நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் காகிதம் அலை அலையாக எழும்பும். ஹார்ட்போர்டுக்கும் பிரிண்டுக்கும் நடுவே ஒரு பாலியெஸ்டர் தாள் தடுப்பு. சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். ஓதம் ஏறும் பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் அந்தச் சுவரையே விட்டுவிடுங்கள்.

யார் எதை எடுக்கலாம்

முதல் முறை விற்கிறவர் எண் போட்ட பதிப்போடு இறங்குவது எனக்கு உடன்பாடில்லை. பத்துப் படம் லேப் பிரிண்டில் திறந்த பதிப்பாக வைத்து ஒரு வருஷம் விற்றுப் பாருங்கள்; எந்தப் படத்தை ஜனம் கேட்கிறது என்று தெரியும். அதில் ஒன்றை, கூடிப்போனால் இரண்டை, பெரிய அளவில் பிக்மென்ட்டில் பத்துப் பிரதிப் பதிப்பாக்குங்கள். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு: திறந்த பதிப்பில் 12×18 போன படத்தை 'லிமிடெட்' என்று சொல்ல வேண்டுமானால், சிறிய அளவு ஏற்கெனவே வெளியே இருக்கிறது என்பதைச் சான்றிதழில் எழுத வேண்டும். மறைக்க மனம் வந்தால் பதிப்புக்கு வேறு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலிமில் எடுக்கிற, கறுப்பு வெள்ளையில் கை ஊறியவருக்கு மட்டும் டார்க் ரூம். அவர் மற்ற மூன்றையும் பார்க்கவே வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு சயனோடைப்.

வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் பையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லூப் (சின்னப் பூதக்கண்ணாடி) போதும். நிறம் தொடர்ச்சியாக ஓடினால் லேப் அல்லது டார்க் ரூம். நுண்ணிய தூவல் புள்ளி என்றால் இங்க்ஜெட். பூப்போல வட்டம் வட்டமாகக் கூடிய புள்ளி என்றால் காலண்டர் அடிக்கும் ஆஃப்செட். அந்தப் பூவைப் பார்த்த பிறகும் 'ஃபைன் ஆர்ட் பிரிண்ட்' விலை சொன்னால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

எண் 1/10-இல் கையெழுத்துப் போடும் முன் கடைசி வேலை ஒன்று. அதே இங்க், அதே காகிதத்தில் ஒரு சோதனைப் பிரிண்டைச் சட்டம் போட்டு, உங்கள் வீட்டிலேயே மோசமான சுவரில் புரட்டாசியில் மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து மார்கழியில் இறக்கி, ஒப்புதல் பிரதிக்குப் பக்கத்தில் வைத்து, வாசல் வெளிச்சத்தில் விளிம்பையும் வெள்ளையையும் பாருங்கள்.